கோலமிடும் கையும் கோடு வரையும் கருவியும்

மனிதன் எழுதக் கற்றதற்கு மிக முன்பே வரையக் கற்றுவிட்டான். குகைச் சுவரில் செங்காவிக் கல்லால் கோடிட்ட நாள்முதல், கண் கண்டதைக் கையின் வழியாக ஒரு பரப்பின்மேல் இறக்கி வைக்கும் ஆசை அவனை விட்டு அகலவில்லை. அந்த ஆசையோடு மற்றோர் ஆசையும் பிற்காலத்தில் சேர்ந்துகொண்டது. தன் கை செய்வதைத் தான் படைத்த ஒரு கருவியும் செய்யவேண்டும் என்பதே அது. நூற்கவும் நெய்யவும் கருவி செய்தவன் உழைப்பைக் குறைத்து ஊதியம் பெற எண்ணினான். வரையும் கருவி செய்தவர்களில் பலரை உந்தியது வேறோர் ஆவல். இந்தக் கை எப்படித்தான் வரைகிறது என்று அறிந்துகொள்ள அவர்கள் விரும்பினார்கள்.

இன்று மின்னணுவியலில் நாட்டம் கொண்ட மாணவர் பலர் தாமே செய்து பார்க்க விரும்பும் பொருள்களுள் ஒன்று வரையும் கருவி. பழைய கணினியிலிருந்து கழற்றிய பாகங்கள், இரண்டு சிறு மோட்டார்கள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்சுற்றுப் பலகை, ஒரு பேனா, இவ்வளவே இதற்கு மூலப்பொருள். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அருகிருக்கும் கச்சிராயபாளையம் போன்ற ஊரிலும் இதைச் செய்துவிடலாம். கிடைக்காத பாகங்களைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். ஆயினும் பெற்றோர் பலருக்கு இது வீண் வேலையாகத் தோன்றுகிறது. கடவுள் கொடுத்த கை இருக்க, காசு செலவழித்து ஒரு மோட்டாரைக் கோடு போட வைப்பானேன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு வரலாறு என்ன விடை சொல்கிறது என்று சற்றே பார்ப்போம்.

மறைத்த ஓவியரும் வெளியிட்ட துறவியும்

1603ஆம் ஆண்டு. ஜெர்மனி நாட்டின் டில்லிங்கன் நகரில் கிறிஸ்தோப் ஷைனர் என்ற இளம் இயேசு சபைத் துறவி வாழ்ந்துவந்தார். அவருக்கு அறிமுகமான ஓர் ஓவியர், எந்தப் படத்தையும் பிழையின்றிப் படியெடுக்கும் கருவி தம்மிடம் உண்டென்று பெருமை பேசினார். ஆனால் அதைக் காட்ட மறுத்துவிட்டார். ஷைனர் தாமே சிந்தித்து அத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். நான்கு சட்டங்களை இணைகரமாகப் பூட்டி, ஒரு முனையை மேசையில் நிலைநிறுத்தி, மற்றொரு முனையால் மூலப்படத்தின் கோடுகளைத் தடவிச் சென்றால், மூன்றாவது முனையில் உள்ள எழுதுகோல் அதே படத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ வரையும். வடிவொத்த முக்கோணங்களின் பக்கங்கள் ஒரே விகிதத்தில் அமையும் என்ற பழைய வடிவியல் உண்மைதான் இதற்கு அடிப்படை. பான்டோகிராப் என்று பெயர் பெற்ற இக்கருவியின் சாயலை, மின்சார ரயிலின் கூரைமேல் கம்பியைத் தொட்டுச் செல்லும் சட்டத்திலும் காணலாம். அந்தப் பெயரும் அதற்கு வழங்குகிறது.

ஷைனர் 1631ஆம் ஆண்டு உரோமையில் இக்கருவியை விளக்கி இலத்தீன் மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். சட்டங்களை எப்படிப் பூட்டுவது, எங்கே துளையிடுவது என்பனவெல்லாம் படங்களோடு அதில் அச்சாயின. ஓவியர் மறைத்ததைத் துறவி ஊரறியச் செய்தார். கதிரவனின் கரும்புள்ளிகளை ஆண்டுக்கணக்காக நோக்கி வரைந்தவர் என்றும், அவற்றை முதலில் கண்டது யார் என்பதில் கலிலேயோவோடு பூசலிட்டவர் என்றும் அறிவியல் வரலாறு ஷைனரை நினைவில் வைத்திருக்கிறது. பூசலில் அவர் பெருமை பெறவில்லை. திறந்து வைத்த இந்தக் கருவியோ பல நூற்றாண்டுகள் வரைபட அறைகளிலும் செதுக்குப் பட்டறைகளிலும் உழைத்தது.

நினைவு கொண்ட பொம்மைகள்

பான்டோகிராப் வரையவேண்டுமானால் மனிதன் ஒருவன் உடனிருந்து மூலப்படத்தைத் தடவ வேண்டும். அவன் இல்லாமலே வரையும் கருவியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடிகாரத் தச்சர்கள் படைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஜாக்கே-துரோ குடும்பத்தார் 1768க்கும் 1774க்கும் இடையே மூன்று இயங்கும் பொம்மைகளைச் செய்தனர். அவற்றுள் ஒன்று படம் வரையும் சிறுவன். பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் முகம், ஒரு நாய்க்குட்டி என நான்கு படங்களை அவன் வரைவான். இடையிடையே தாளில் படிந்த கரித்தூளை வாயால் ஊதியும் விடுவான். நியூஷாட்டெல் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் அவனைக் காணலாம்.

இந்தப் பொம்மையின் நினைவு எங்கே இருக்கிறது? விளிம்பு மேடும் பள்ளமுமாக வெட்டப்பட்ட உலோகத் தட்டுகளில் இருக்கிறது. தட்டு சுழலும்போது அதன் விளிம்பைத் தொட்டுநிற்கும் நெம்புகோல் ஏறி இறங்கும். ஒரு தட்டு கையை இடமும் வலமும் நகர்த்தும். மற்றொன்று முன்னும் பின்னும் நகர்த்தும். மூன்றாவது எழுதுகோலைத் தாளிலிருந்து தூக்கும். இந்த மூன்று அசைவுகளையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் மாணவன் செய்யும் கருவியிலும் இதே மூன்று அசைவுகள்தாம் உள்ளன.

இத்தகைய மற்றொரு பொம்மையின் கதை நெஞ்சைத் தொடுவது. 1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பிராங்க்ளின் நிறுவனத்துக்கு, தீயில் சேதமுற்ற ஒரு பித்தளைப் பொறி வந்து சேர்ந்தது. அதைச் செய்தவர் வேறொருவர் என்றே எண்ணப்பட்டது. பழுது நீக்கி இயக்கியபோது அது கப்பல், மாளிகை முதலிய படங்களை வரைந்தது, கவிதைகளையும் எழுதியது. இறுதிக் கவிதையின் ஓரத்தில், தான் மயார்தேயின் பொறி என்று பிரெஞ்சு மொழியில் தானே எழுதிக் காட்டியது. 1800ஆம் ஆண்டை ஒட்டி இலண்டனில் அதைச் செய்த ஆன்றி மயார்தே மறைந்து நெடுங்காலம் சென்றபின், அவர் வெட்டிவைத்த தட்டுகள் அவர் பெயரை மீட்டுத் தந்தன. கருவிக்குள் அதைச் செய்தவர் கையின் சுவடு பதிந்திருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குண்டெறியும் கணக்கு கோடாக மாறியது

இருபதாம் நூற்றாண்டில் வீட்டுப் பட்டறையிலேயே வரையும் கருவி செய்தவர்களில் டெஸ்மண்டு பால் ஹென்றி குறிப்பிடத்தக்கவர். இவர் பொறியாளர் அல்லர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்தவர். நம் குருமடங்களில் இறையியல் பயின்றோர் நன்கறிந்த புனித ஆன்செல்மின் தருக்க முறையை ஆராய்ந்து 1967இல் நூல் வெளியிட்டவரும் இவரே. இரண்டாம் உலகப் போரில் படையின் பொறியியல் பிரிவில் எழுத்தராகப் பணியாற்றியபோது இயந்திரங்களின்மேல் இவருக்குக் காதல் பிறந்தது.

1952ஆம் ஆண்டு, போருக்குப்பின் கழித்துக்கட்டப்பட்ட படைப்பொருள்களை விற்கும் கிடங்கு ஒன்றில், குண்டுவீச்சு விமானத்தின் குறிபார்க்கும் கணிப்பொறி ஒன்றை ஹென்றி வாங்கினார். விமானத்தின் வேகம், உயரம், காற்றின் போக்கு ஆகியவற்றைப் பற்சக்கரங்களால் கணக்கிட்டு, எந்தக் கணத்தில் குண்டை விட்டால் இலக்கில் விழும் என்று சொல்லும் பொறி அது. அதன் உட்பாகங்கள் சுழன்று நெளியும் அழகை ஆண்டுக்கணக்காக வீட்டில் பார்த்து மகிழ்ந்தவருக்கு, அந்த அசைவைத் தாளில் பிடித்தால் என்ன என்று தோன்றிற்று. பேனாக்களைப் பொருத்தி, 1960களின் தொடக்கத்தில் தம் முதல் வரையும் கருவியை உருவாக்கினார். ஒரு கருவியை அமைக்க ஆறு வாரங்கள்வரை ஆகும். ஒரு படம் முடிய இரண்டு மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். முன்கூட்டியே திட்டமிட்டு எந்தப் படத்தையும் அதனிடம் கேட்டுப் பெற முடியாது. திருகைச் சற்றே தளர்த்தினால் கோட்டின் போக்கே மாறும். ஓவியர் எல். எஸ். லவுரி அப்படங்களைப் பாராட்டினார்; 1962இல் இலண்டனில் நடந்த ஹென்றியின் கண்காட்சியில் அவையும் இடம்பெற்றன. 1968இல் கணினியும் கலையும் சந்தித்த புகழ்பெற்ற இலண்டன் கண்காட்சிக்கும் அவருடைய கருவி ஒன்று சென்றது.

வாள் கலப்பைக் கொழுவாகும் நாளைக் கண்ட எசாயா இறைவாக்கினரை இங்கு நாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நகரங்களை எரிக்கப் பயன்பட்ட கணக்கு, ஒரு ஆசிரியரின் வீட்டில் பூவிதழ் போன்ற கோடுகளாக மலர்ந்தது. அதற்கு அரசின் ஆணையோ பெருந்தொகையோ தேவைப்படவில்லை. பழைய சாமான்களை வேறு கண்ணோடு பார்க்கும் ஒருவர் இருந்தார், அது போதுமானதாயிற்று.

தாம்பரத்தில் படித்த கோலங்கள்

இதுவரை மேலைநாடுகளிலேயே சுற்றிவந்தோம். கோடு வரைதலைக் கருவிக்குச் சொல்லித்தரும் கலையில் தமிழ்நாட்டுக்கு உள்ள பங்கு நம்மவர் பலருக்குத் தெரியாது. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிப்ட் சிரோமணி. 1932இல் பிறந்து 1988இல் மறைந்தவர். அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் முறையையும் 1970களிலேயே ஆராய்ந்தவர். அவரும், அவர் துணைவியாரும் கணித அறிஞருமான ராணி சிரோமணியும், பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரான கமலா கிருதிவாசனும் சேர்ந்து, கோலங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை 1974ஆம் ஆண்டு கணினி வரைகலைக்கான பன்னாட்டு இதழ் ஒன்றில் வெளிவந்தது. மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்பதே அதன் சாரம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சிறு கோலத்திலிருந்து பெரிய கோலம் பிறப்பதற்கு விதிகள் உள்ளன. அவ்விதிகளை எழுதிவிட்டால் கணினியும் அக்கோலத்தை வளர்த்துச் செல்லும் என்று அவர்கள் காட்டினார்கள்.

வாசற்படியில் நம் தாய்மார் போடும் கம்பிக் கோலத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் புள்ளிகள். பின்னர் மாவு விரலிடுக்கில் இழிய, கோடு ஒரு புள்ளியைச் சுற்றி, அடுத்ததைக் கடந்து, வலமாகத் திரும்பி, இடமாக வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. எல்லாப் புள்ளிகளும் வளைக்கப்பட்டிருக்கும். கோடு எங்கும் அறுந்திருக்காது. அந்தப் பெண் முழுப் படத்தையும் மனத்தில் தீட்டிக்கொண்டு படியெடுப்பதில்லை. நேராகப் போ, வலமாகத் திரும்பு, புள்ளியைச் சுற்று என்பன போன்ற சில நகர்வுகளின் வரிசையைத்தான் அவள் விரல் நினைவில் வைத்திருக்கிறது. இந்த நகர்வுகளையும் சிரோமணி பின்னாளில் வகைப்படுத்தி ஆராய்ந்தார்.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் சீமோர் பாப்பெர்ட்டும் அவருடைய தோழர்களும் குழந்தைகளுக்குக் கணிதம் கற்பிக்க ஒரு இயந்திர ஆமையை உருவாக்கியிருந்தார்கள். அதன் வயிற்றில் ஒரு பேனா. முன்னே போ, வலமாகத் திரும்பு என்று கட்டளையிட்டால் ஆமை தரையில் கோடிழுத்துச் செல்லும். அந்த ஆமையின் மொழி நம் பெண்களின் விரல் மொழிக்கு எவ்வளவு நெருக்கமானது! 1980களின் இறுதியில் கனடா நாட்டு அறிஞர்கள் செடிகொடிகளின் வளர்ச்சியைக் கணினியில் வரைந்து காட்டும் விதிகளை ஆராய்ந்தபோது, நம் கோலங்களையும் எடுத்துக்காட்டாக அதே ஆமை முறையில் வரைந்தார்கள். மார்கழிப் பனியில் குனிந்து கோலமிடும் பெண்கள், கிறிஸ்து பிறப்புக்கு வாசலில் நட்சத்திரக் கோலம் இடும் நம் பங்கின் பெண்கள், இவர்களெல்லாம் இலக்கணம் என்ற சொல்லை அறியாமலே அதை ஆண்டுவருகிறார்கள்.

வீட்டில் செய்யும் கருவி

இனி நம் மாணவனின் மேசைக்கு வருவோம். அவன் கருவியின் உயிர்நாடி ஸ்டெப்பர் மோட்டார் எனப்படும் படிமோட்டார். சாதாரண மோட்டார் மின்சாரம் பாய்ந்தால் சுழன்றுகொண்டே இருக்கும். இதுவோ ஒரு துடிப்புக்கு ஒரு படி மட்டும் நகர்ந்து நிற்கும். பெரும்பாலான படிமோட்டார்களில் ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் நகர்த்தும் சக்கரத்தைப் பூட்டினால், ஒரு படிக்கு 0.2 மில்லிமீட்டர் நகர்ச்சி கிடைக்கிறது. பழைய வட்டு இயக்கிகளிலும் இத்தகைய சிறு மோட்டார் திருகுத் தண்டோடு இருக்கும். இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, பேனாவைத் தூக்க மூன்றாவது மோட்டார் ஒன்றைச் சேர்த்தால், ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் வரையும் கருவி உருவாகிவிடும். ஜாக்கே-துரோவின் மூன்று தட்டுகள் இங்கே மூன்று மோட்டார்களாக வந்து நிற்கின்றன.

படிப்படியாக நகரும் மோட்டார் சாய்கோட்டை எப்படி வரையும்? இதற்கு விடை கண்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜேக் பிரெசன்ஹாம். 1962இல் அவர் வகுத்த முறை 1965இல் அச்சேறியது. வலப்புறம் 10 படியும் மேற்புறம் 4 படியும் தள்ளியுள்ள புள்ளிக்குக் கோடு வேண்டும் என்க. வலப்புறம் ஒவ்வொரு படி வைக்கும்போதும் மளிகைக்கடைக் கடன் நோட்டில் எழுதுவதுபோல் 4 என்று கணக்கேற்றிவர வேண்டும். கணக்கு 5ஐத் தாண்டினால் மேலே ஒரு படி ஏறி, கணக்கில் 10ஐக் கழிக்க வேண்டும். பத்தாம் படியில் சரியாக நான்கு படி மேலேறியிருப்போம், கணக்கும் தீர்ந்திருக்கும். பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் இல்லாமல், கூட்டலும் கழித்தலும் கொண்டே கோடு பிறக்கிறது.

மற்றொரு வகைக் கருவி பலகையின் இரு மேல்மூலைகளில் மோட்டார் வைத்து, இரு கயிறுகளில் பேனாவைத் தொங்கவிடுவது. 2002இல் சுவிட்சர்லாந்தில் யூர்க் லேனியும் ஊலி பிராங்கேயும் செய்த ஹெக்டர் என்ற கருவி இவ்வகையில் பலருக்கு வழிகாட்டியது. அது வண்ணம் பீச்சும் குப்பியைத் தொங்கவிட்டுச் சுவரில் வரைந்தது. இதில் கயிற்றின் நீளத்தைச் சொல்பவர் பித்தாகரஸ். மோட்டார்களுக்கிடையே 60 சென்டிமீட்டர் இருக்கட்டும். பேனா நடுவில் 40 சென்டிமீட்டர் கீழே இருந்தால் ஒவ்வொரு கயிறும் 50 சென்டிமீட்டர். பேனாவை 72 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கினால் கயிறு 78 சென்டிமீட்டர். பேனா இறங்கியது 32. கயிறு நீண்டதோ 28. தேர்வுக்காக மனப்பாடம் செய்த தேற்றம் பேனாமுனையில் உயிர்பெற்று நிற்பதை இங்கே பையன் காண்கிறான். கணக்கில் பிழை செய்தால் ஆசிரியர் திருத்தவேண்டியதில்லை; வளைந்த கோடே சொல்லிவிடும்.

இக்கருவிகளை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு பலகை, 2005இல் இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவானது. அதன் சுற்றுப்படத்தை எவரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று அதைப் படைத்தவர்கள் திறந்து வைத்தார்கள். ஷைனர் 1631இல் செய்ததும் இதுவே.

கள்ளக்குறிச்சியின் உளி

இவையெல்லாம் விளையாட்டுத்தானே என்று கேட்போருக்கு நம் மாவட்டமே விடை சொல்லும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆனால் இன்று தமிழகமெங்கும் கதவுகளிலும் கட்டில்களிலும் பூவேலை செய்வது, கணினி இயக்கும் செதுக்குப் பொறி. அது வேறொன்றுமில்லை, பேனாவுக்குப் பதிலாகச் சுழலும் வெட்டுமுனையைப் பொருத்திய வரையும் கருவிதான். அதற்குள் ஓடும் வடிவங்களில் பல, என்றோ ஒரு தச்சரின் உளியிலிருந்து பிறந்தவை. உளி பிடித்தவர் பெயர் அந்தக் கோப்பில் இல்லை. அவருக்குக் கூலியும் சேரவில்லை. புவிசார் குறியீடு பெயருக்குக் காப்பளிக்கும். தொழில் கற்க வரும் இளைஞர் குறைந்துவிட்டால் அந்தக் காப்பால் விளையும் பயன் சிறிதே.

கருவியை வெறுப்பதால் இந்த அநீதி தீராது. கருவிக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் நம் பிள்ளைகளிடையே தோன்றவேண்டும். தன் கையால் ஒரு வரையும் கருவி செய்தவனுக்கு இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, கருவி தானாக எதையும் அறியாது; யாரோ ஒருவர் கை அறிந்ததை எண்ணாக மாற்றித் தந்தபிறகே அது வரைகிறது. சொன்னதைக் கேட்டுப் படம் ஆக்கித் தரும் இன்றைய கணினிகளும், ஆயிரமாயிரம் கைகள் வரைந்த படங்களைப் பயின்றே அதைச் செய்கின்றன. மற்றொன்று, எண்ணாக மாறாமல் கையிலேயே தங்கிவிடும் அறிவும் உண்டு. மரத்தின் ரேகை எதிர்த்து ஓடும் இடத்தில் உளியைத் தளர்த்துவதும், மாவு ஈரமாயிருந்தால் விரலை நெகிழ்த்துவதும் அத்தகைய அறிவு. கடையில் பொறி வாங்கி இயக்குபவனுக்கு இவ்விரண்டும் புலப்படுவது அரிது.

ஆகவே கைக்குப் பதிலாக மோட்டார் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு நாம் சொல்வது, கையின் பெருமையை அறிவதற்கே என்பதுதான். பங்கு இளைஞர் குழுக்கள் இதை ஒரு கோடை விடுமுறைப் பணியாக எடுத்துச் செய்யலாம். இணையத்தில் கிடைக்கும் படத்தை முதலில் வரைய வைக்காமல், வீட்டிலுள்ள பாட்டியிடம் ஒரு கம்பிக் கோலத்தைக் கேட்டு, அவர் விரல் திரும்பும் வரிசையை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, அதைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கட்டும். கோலம் வரைந்து முடிந்ததும் தாளின் ஓரத்தில் கருவி ஒரு பெயரையும் எழுதட்டும். அது கருவியைச் செய்தவனின் பெயராக மட்டும் இருந்துவிடாமல், கோலத்தைத் தந்த பாட்டியின் பெயராகவும் இருக்கட்டும்.